உளுவை மிதக்காது

மீனில் முள் எடுக்கக் கண்ணாடி தேடும் வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பழைய வகுப்புத் தோழிகள் சிலர் கூடி, அந்தக் காலத்து ஓடை, அந்தக் காலத்துத் தண்ணீர், அந்தக் காலத்து மீன் என்று உருகிக்கொண்டிருந்தார்கள். நான் இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டு சும்மா இருந்தேன். அந்த ஓடையை நினைத்தால் எனக்கு உருக்கம் வராது, பயம்தான் வரும். அதை அங்கே சொல்லியிருந்தால் யாருக்கும் பாயசம் இறங்கியிருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன், தோழிகள் படித்துக்கொள்ளட்டும்.

உளுவையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் மறந்திருக்கும். சுருளிப்பட்டிப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில், கணுக்கால் தண்ணீர் ஓடும் கல்லுப்பாட்டில் கிடக்கும் மீன். ஒரு விரல் நீளம். மணல் நிறம், மேலே கறுப்புப் புள்ளி. கண் இரண்டும் தலை உச்சியில் இருக்கும், எப்போதும் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல. கெண்டைக்குஞ்சு நடுத்தண்ணீரில் கூட்டமாகத் திரியும். உளுவைக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்கும். ஆள் நிழல் பட்டால் விசுக்கென்று ஒரு சாண் தூரம் போய் மறுபடியும் உட்கார்ந்துகொள்ளும். நீந்தத் தெரியாத மீன் என்று அதைக் கேலி செய்வோம்.

வயிற்றுக்கடியில் அதற்குத் துடுப்பு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து சின்னக் கிண்ணம்போல இருக்கும். அதை வைத்துத்தான் ஓடுகிற தண்ணீரில் கல்லைப் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கையில் எடுத்து வைத்தால் உள்ளங்கையையும் பிடித்துக்கொள்ளும். பிறந்த குழந்தை நம் விரலைப் பற்றுமே, அந்த அளவுக்கு மெல்லிய பிடி. எனக்கு அந்தப் பிடி ரொம்பப் பிடிக்கும்.

அதைப் பிடிப்பதுதான் பயம். தூண்டிலுக்கு வராது, வலைக்கும் சிக்காது. கல்லுக்கடியில் இரண்டு பக்கமும் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், விரலாலேயே தேடிப் பொத்த வேண்டும். அங்கே உளுவை இருக்கலாம், நண்டு இருக்கலாம், தண்ணிப்பாம்பும் இருக்கலாம். கையை உள்ளே விடும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். ஆனாலும் எங்கள் தெருவில் என்னைப்போல உளுவை பிடிக்க ஆள் கிடையாது. பயந்தாங்கொள்ளிகள்தான் மெதுவாகக் கையை விடுவார்கள், மெதுவாக விட்டால்தான் உளுவை கிடைக்கும்.

நான் சொல்ல வந்த கார்த்திகை மாதம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அக்கா பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அதற்கு முன்னால் அவளுக்கு இரண்டு கரு தங்கவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அக்கா படியிறங்கும்போது அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.

அப்பா திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் ஆள். ஓடைக்கரையில் இருந்த பெரிய தோட்டம் அது. கார்த்திகை மழைக்குக் கொடியில் சாம்பல் நோய் விழும், செவட்டை நோய் விழும், பூச்சி விழும், அதனால் அப்பாவுக்கு ஓயாத வேலை. முன்பெல்லாம் வேலை முடிந்து வரும்போது குடித்துவிட்டு வருவார். அடிக்க மாட்டார், சத்தம்கூடப் போட மாட்டார். வாசலில் உட்கார்ந்து அழுவார். எனக்கு அது அடியைவிடப் பயமாக இருக்கும்.

அக்கா உண்டாகியிருப்பது தெரிந்ததும் அப்பா குடியை விட்டார். பேரப்பிள்ளை நல்லபடியாகத் தங்கினால் சபரிமலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். கார்த்திகை முதல் நாள் குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டார். குருசாமி எங்கள் ஊரில் தையல் கடை வைத்திருந்தவர், பல வருஷம் மலை ஏறியவர். அன்றிலிருந்து அப்பா எங்களுக்குச் ‘சாமி’. நாங்களும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அவர் என்னைச் ‘சின்ன மாளிகைப்புறம்’ என்பார். கறுப்பு வேட்டி, தோளில் ஒரு துண்டு, காலில் செருப்புக் கிடையாது, காலையும் மாலையும் ஓடையில் பச்சைத்தண்ணீர்க் குளியல். உங்கள் வீட்டுச் சாமிகளையும் பார்த்திருப்பீர்கள், நம் பக்கத்தில் இது புதிதா என்ன.

மாலை போட்ட சில நாளில் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த வீடு தீட்டு. மாலை போட்ட சாமி அந்த வீட்டில் காலெடுத்து வைக்கக் கூடாது. அப்பா தட்டுமுட்டுகளை எடுத்துக்கொண்டு தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் குடிபோய்விட்டார். அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து, விடிந்ததும் மருந்து அடிக்கப் போய்விடுவார். யாருக்காக வேண்டிக்கொண்டாரோ அந்தக் குழந்தையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. மலைக்குப் போய் வந்துதான் பார்ப்பேன் என்று இருந்தார்.

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அக்காவுக்குப் பால் சரியாக ஊறவில்லை. அந்த அழுகை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டு வந்ததுதான் எங்களைக் கலங்கடித்தது. பிள்ளை பெற்றவளுக்கு உளுவைச் சாறு வைத்துக் கொடுத்தால் பால் கட்டும் என்று தெருவில் சொன்னார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் ஓடைதான் எனக்கு. பால்மாவு டப்பா ஒன்றில் ஆணியால் ஓட்டை போட்டு, கம்பி கட்டிக் கொடுத்தாள். அந்த டப்பா ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது, வீடு மாற்றும்போது எங்கேயோ போய்விட்டது. கை வைத்தால் துருவும் மீன்வாடையும் ஒட்டிக்கொள்ளும்.

நான் பிடிக்கும் கல்லுப்பாட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் மோட்டார் ரூம் இருந்தது. மீன் பிடித்த கையோடு நான் சாமி பக்கத்தில் போகக் கூடாது. ஓடைக்கு அந்தக் கரையில் அவர் நிற்பார், இந்தக் கரையில் நான்.

“கிட்ட வராத ஆத்தா. மீனுக் கையி. அங்கனயே நில்லு.”

“சரி சாமி.”

“பேரன் யாரு மாதிரி இருக்கான்?”

“நேத்தே சொன்னேன்ல சாமி.”

“நேத்து நேத்தோட போச்சு. இன்னைக்கு யாரு மாதிரி இருக்கான்?”

“காது மட்டும் உங்க காது. மூக்கு இன்னும் தெரியல.”

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். தண்ணீர்ச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேச வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் அப்பனும் மகளும் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள்.

மருந்து ட்ரம்மை அவர் அந்த ஓடையில்தான் அலசுவார். எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். அம்மா ஒருநாள் துணி துவைக்க வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, “இந்தத் தண்ணியில பிடிக்கிற மீனையா பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குறோம்?” என்று கேட்டாள். துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, “ஓடுற தண்ணிக்கு ஏது மதினி தீட்டு. வெசம் இருந்தா மீனு செத்து மிதக்காதா?” என்றாள். அம்மா கரையில் நின்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஒன்றும் மிதக்கவில்லை. அவள் மனசு சமாதானமாகிவிட்டது.

நம் பள்ளத்தாக்கில் தண்ணீருக்கு வைக்கும் சோதனை அதுதான். மீன் மிதந்தால் கெட்ட தண்ணீர், மிதக்காவிட்டால் நல்ல தண்ணீர். கெண்டை வாழும் குளத்துக்கு அது சரியாக இருக்கலாம்.

அன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. மழை விட்டு வானம் வெறித்திருந்தது. இலை அசையாத காலை, மருந்து அடிக்கத் தோதான நேரம். விடிந்ததிலிருந்து தோட்டத்தில் பவர் ஸ்ப்ரேயர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஓடைக்குப் போய்ச் சேர்ந்தபோது சத்தம் நின்றிருந்தது. அடுத்த மருந்து கலக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.

முதல் கல்லிலேயே ஒரு உளுவை வெளியில் உட்கார்ந்திருந்தது. நிழல் பட்டும் ஓடவில்லை. குனிந்து எடுத்தேன். பக்கத்தில் இன்னொன்று, அதையும் எடுத்தேன். கல்லுக்கடியில் கை விடவே வேண்டியிருக்கவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இன்றைக்கு அக்காவுக்கு வயிறு நிறையச் சாறு, குழந்தைக்கு வயிறு நிறையப் பால் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு பொறுக்கினேன். ஆமாம், பிடிக்கவில்லை, கீழே விழுந்த புளியம்பழத்தைப் பொறுக்குவதுபோலப் பொறுக்கினேன்.

டப்பா பாதி நிறைந்த பிறகு, வழக்கம்போல ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அது பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு விழுந்தது. இன்னொன்றை எடுத்து வைத்தேன், அதுவும் பிடிக்கவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, மூடவே இல்லை. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. கரையில் போட்ட மீன் துள்ளுமே, அது வேறு. இது துள்ளல் இல்லை. மாவு மிஷின் ஓடும்போது அதன்மேல் கை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி நிற்காத நடுக்கம்.

பக்கத்திலிருந்த கல்லைப் புரட்டினேன். அடியில் உளுவைகள் செத்துக் கிடந்தன. அடுத்த கல்லுக்கடியிலும் கிடந்தன. எல்லாம் தரையோடு தரையாக, மணலில் மணலாக. நிமிர்ந்து ஓடையைப் பார்த்தேன். வெயில் பட்டுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு மீன்கூட மிதக்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே மிதக்காத மீன், செத்தாலும் மிதக்கவில்லை.

அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடினேன். அலசிய ட்ரம் ஓடைக்கரையில் கவிழ்ந்து கிடந்தது. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கறுப்பு வேட்டி நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. நெஞ்சிலும் முதுகிலும் மருந்து வழிந்த கோடு. பந்தலுக்குக் கீழே நின்று மேல்நோக்கி அடிப்பவர் மேலேயே பாதி மருந்து விழும். மற்ற வருஷம் பழைய முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்து, ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு அடிப்பார். இந்த வருஷம் சாமி, அதனால் வெறும் உடம்பு, வெறுங்கால்.

“சாமி!” என்று கூப்பிட்டேன்.

சத்தம் வந்த பக்கம் திரும்பினார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாயிலும் மூக்கிலும் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

“யாரு, ஆத்தாவா? பொழுது சாஞ்சிருச்சா ஆத்தா? ஏன் இப்பிடி இருட்டிக்கிட்டு வருது?”

அப்போது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனேன். “மீனுக் கையி, தொடாத” என்று குழறினார். தொட்டேன். வேர்வையில் சில்லென்று இருந்தது. தோலுக்குக் கீழே அந்த நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சற்றுமுன் என் உள்ளங்கையில் இருந்த அதே நடுக்கம். நான் அலறினேன், அந்த அலறல் என்னுடையது என்றே எனக்குத் தெரியவில்லை.

மருந்துக் குழாய் இழுக்கும் ஆள் ஓடிவந்தார். பிறகு பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்த ஆட்கள் வந்தார்கள். அவர்களிலும் பாதிப்பேர் மாலை போட்டவர்கள். அப்பாவின் நடுக்கம் அதற்குள் கைகால் உதறும் அளவுக்குப் போயிருந்தது. கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக ஒரு மனிதர் கண் செருகி நடுங்கினால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

“சாமி எறங்கியிருக்காக!” என்றார் ஒருவர்.

சரணம் விளி தொடங்கியது. ஒருவர் விபூதி கொண்டுவந்து நெற்றி நிறையப் பூசினார். யாரோ ஓடிப்போய்க் குருசாமியைக் கூட்டிவந்தார்கள். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நிற்க, அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நான் இடையில் புகுந்து, “மருந்து, மருந்து” என்று கத்தினேன். ஒருத்தர் என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

குருசாமி கைகூப்பிக்கொண்டு அப்பா முகத்தருகே குனிந்தார். “எந்தச் சாமி வந்திருக்கீக? சொல்லுங்க, என்ன குறைன்னு சொல்லுங்க.” அப்பா வாயைத் திறந்தார். வாந்திதான் வந்தது. குருசாமி சட்டென்று பின்வாங்கினார். மண்ணெண்ணெயும் பூண்டும் கலந்தது மாதிரி ஒரு வாடை. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“என்னடா வாடை இது? மாலையைப் போட்டுக்கிட்டுக் குடிச்சிருக்கான்டா இவன்.”

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ‘எறங்கியிருக்காக’ என்றவர்கள் எல்லோரும் ‘குடிச்சிருக்கான்’ என்றார்கள். முன்பு குடித்தவர்தானே, அது அவர்கள் நம்புவதற்கு லேசாக இருந்தது. மாலை போட்டவர்கள் தள்ளிப்போய் நின்றுகொண்டார்கள். குருசாமி அப்பா கழுத்திலிருந்து மாலையைக் கழற்றித் துண்டில் முடிந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. கெட்டவர் இல்லை அவர். தன் கையால் போட்ட மாலைக்கு இப்படி ஒரு களங்கம் வந்துவிட்டதே என்றுதான் நொந்துபோனார் என்று இப்போது புரிகிறது.

“மருந்து, மாமா. மருந்துதான். மீனும் இப்பிடித்தான் நடுங்குது” என்று நான் டப்பாவைத் தூக்கிக் காட்டினேன்.

“மருந்துன்னா குழாய் இழுத்தவன் எப்பிடி நல்லா நிக்கிறான்?” என்றார் ஒருவர். குழாய் இழுப்பவர் மருந்து விழாத தூரத்தில், எஞ்சின் பக்கத்தில் நிற்பவர். அதை யாரும் யோசிக்கவில்லை. “இப்பத்தான ட்ரம்மை அலசியிருக்கான். அவ்வளவு வெசமா இருந்தா ஓடையில மீனு மிதக்காதா? எங்க, பாரு.”

எல்லோரும் ஓடையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் இன்றைக்கும் எனக்குக் கனவில் வருகிறது. தண்ணீர் சிரித்துக்கொண்டு போனது. ஒன்றும் மிதக்கவில்லை.

“கெடக்கட்டும். வெயில் ஏறினா தெளிஞ்சிரும்” என்றார் குருசாமி. கலைந்து போனார்கள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். ஓடுகிற வழியெல்லாம் டப்பாவுக்குள் மீன்கள் தகரத்தில் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தன. தட்டுவது நின்றால் அப்பாவும் நின்றுவிடுவார் என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது. டப்பாவைக் காதருகில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

எனக்கு முன்னால் சேதி போய்விட்டிருந்தது. அம்மா அடுப்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். “சத்தியம் பண்ணுன மனுசன் இப்பிடிப் பண்ணிட்டாகளே. பச்சப்புள்ளைக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா நான் என்ன செய்வேன்” என்று புலம்பிக்கொண்டிருந்தாள். வேண்டுதலை உடைத்தால் குழந்தையைத்தான் தாக்கும் என்பது அவள் பயம். எனக்கு அப்பா செத்துப்போவார் என்ற பயம். இரண்டு பயமும் ஒரே வீட்டில் ஒன்றை ஒன்று பார்க்காமல் உட்கார்ந்திருந்தன.

அழுதுகொண்டே அம்மா என் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். மீன் தேய்க்கச் சாம்பலை எடுத்து வைத்தாள். என்ன நடந்தாலும் பிள்ளை பெற்றவள் பட்டினி கிடக்க முடியாதே. மீனை ஆய உட்கார்ந்துவிட்டாள்.

“ஆயாதம்மா! அது வேணாம்மா!” டப்பாவைப் பிடுங்கினேன். மீனெல்லாம் தரையில் கொட்டியது.

அடி விழுந்தது. அம்மா என்னை அதற்கு முன்னால் அடித்ததே இல்லை. அந்த நேரம் உள் அறையிலிருந்து நர்சம்மா வெளியே வந்தார். ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர், எங்கள் ஊர்களுக்கெல்லாம் அவர்தான் கிராம நர்ஸ். குழந்தையை எடை பார்க்க வந்திருந்தார், கையில் தராசு தொங்கிக்கொண்டிருந்தது.

“எதுக்கு பிள்ளையப் போட்டு அடிக்கிறீக?”

நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டேன். “எங்கப்பா குடிக்கல நர்சம்மா. எங்கப்பா இந்த மீனு மாதிரி நடுங்குறாக.”

நர்சம்மா தரையைப் பார்த்தார். உளுவைகள் துள்ளாமல், கிடந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் குனிந்து, தொடாமல், கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இத எங்க பிடிச்ச?”

“மோட்டார் ரூமுக்குக் கீழ.”

“உங்கப்பா என்ன வேலை பாக்குறாக?”

“மருந்து அடிக்கிறாக.”

“கண்ணு தெரியுதாமா அவுகளுக்கு?”

“பொழுது சாஞ்சிருச்சான்னு கேட்டாக.”

தராசைக் கீழே போட்டுவிட்டு அவர் செருப்பை மாட்டினார். “சோப்பு எடுத்துட்டு வாங்க. ஒரு நல்ல வேட்டியும் எடுத்துக்கங்க. இந்த மீனை யாரும் தொடக் கூடாது” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே ஓடினார். அந்தக் கனத்த உடம்பு அப்படி ஓடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்பா ஒருக்களித்துக் கிடந்தார், வாயில் நுரை. நர்சம்மா இமையைத் தூக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணின் கறுப்பு மணி கடுகைவிடச் சின்னதாக இருந்தது. அந்தக் கடுகுக்குள் எப்படி வெளிச்சம் போகும் என்று நினைத்தேன். நர்சம்மா யாரையும் கேட்காமல் கறுப்பு வேட்டியை உருவி எறிந்தார். “ஓடைத் தண்ணி வேணாம், கிணத்துத் தண்ணி கொண்டாங்க” என்று கத்தினார். அம்மா வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்ற, அவர் சோப்புப் போட்டுத் தலையிலிருந்து கால்வரை தேய்த்தார். ஆம்பளையை இப்படி அம்மணமாகப் போட்டுக் குளிப்பாட்டுகிறாளே என்று யாரோ முனகினார்கள். “செத்தவனைக் குளிப்பாட்டும்போது வந்து கூச்சப்படுங்க” என்றார் நர்சம்மா.

ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று கம்பத்துக்குப் போய்க்கொண்டிருந்ததை நான்தான் ரோட்டில் குறுக்கே நின்று மறித்தேன். ஜீப் முழுக்க ஏலக்காய் வாசம். இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் வந்தால் நான் டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவது அதனால்தான். அப்பா தலை அம்மா மடியில் இருந்தது. நர்சம்மா அவர் வாயைத் துடைத்துக்கொண்டே, “மூச்சு விடுங்க, விடுங்க” என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் அடுத்தது வராதோ என்று நான் பயந்தேன். ஒரு இடத்தில் வரத்தான் இல்லை. நர்சம்மா அப்பா நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டார், வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசியாகப் போட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதாக அம்மா சொன்னாள். மூன்றாம் நாள் அப்பா என்னைப் பார்த்து, “ஆத்தா, நீயி பச்சைப் பாவாடையா கட்டியிருக்க?” என்று கேட்டார். அவர் கண் திரும்பிவிட்டது என்று அப்போதுதான் நம்பினேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

குருசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் வெறுங்காலோடு ரொம்ப நேரம் நின்றார். துண்டில் முடிந்த மாலை கையில் இருந்தது. “சாமி, என்னை மன்னிச்சிருங்க” என்றார். “கழத்துன மாலைய மறுபடி போடக் கூடாதுல்ல. அடுத்த வருசம் பாப்போம்” என்றார் அப்பா. அடுத்த வருஷமும் அவர் போகவில்லை.

மாலை போனதால் தீட்டும் இல்லை. அக்கா குழந்தையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவளுக்குப் பால் ஊறத் தொடங்கியிருந்தது. அதற்கும் உளுவைக்கும் சம்பந்தமில்லை என்று நர்சம்மா சொன்னார். வயிறாரச் சாப்பிட்டு, அழ அழப் போட்டுவிடாமல் பிள்ளையை அடிக்கடி மாரில் போட்டாலே போதுமாம். அக்கா குழந்தையை அப்பா மடியில் வைக்கப் போனாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“வேணாம்மா. என் கையில மருந்து இருக்கும்.”

எத்தனையோ தடவை கழுவிய கை. அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கழுத்தை மட்டும் நீட்டி, குழந்தையின் காதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நெசந்தான். என் காதுதான்” என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம் கழித்து மறுபடியும் மருந்து அடிக்கத்தான் போனார். வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு. ட்ரம்மை ஓடையில் அலசுவதை மட்டும் விட்டுவிட்டார். தினமும் சாயங்காலம் அவர் வாசலில் கால் வைத்ததும் நான் அவர் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்மணியைப் பார்ப்பேன். அவரும் மாடு பல் காட்டுவதுபோலச் சும்மா நின்று காட்டுவார். கல்யாணமாகிப் போகும்வரை அந்தச் சோதனையை நான் விடவில்லை. அந்தக் கல்லுப்பாட்டில் பல வருஷம் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன், வெறும் மணல்தான் இருந்தது. அப்பா போய்ச் சேர்ந்தது வேறு நோவில், வெகுகாலம் கழித்து. அவர் காலமாவதற்கு முந்தின வருஷம்தான் ஓடையில் உளுவை திரும்ப வந்திருப்பதாகச் சொன்னார். ஒன்று காலில் ஒட்டியதாம்.

இதையெல்லாம் கல்யாணப் பந்தியில் சொல்லாமல் வந்துவிட்டேன். எழுதாமலும் இருந்திருப்பேன். ஆனால் நேற்று காலையில் அக்கா மகன் போன் பண்ணினான். அந்தக் குழந்தைதான். இப்போது ஓடைக்கரையில் குத்தகைக்குத் திராட்சை வைத்திருக்கிறான். என்னிடம் எல்லாவற்றையும் சொல்வான், தாத்தா காதுக்காரன்.

“சித்தி, விடியக்காலையில இருந்து மருந்து அடிச்சு இப்பத்தான் முடிச்சேன். புது மருந்து, நல்லாக் கேக்குதாம். லேசாத் தலை மட்டும் கிறுகிறுங்குது.”

“ட்ரம்மை எங்கடா அலசுன?”

“ஓடையிலதான். பயப்படாத சித்தி, பாத்துட்டேன். ஒரு மீனு மிதக்கல.”

“கல்லைப் புரட்டிப் பாத்தியா?”

“கல்லையா?”

“புரட்டுடா. இப்பவே.”

போனுக்குள் தண்ணீர்ச் சத்தம் நெருங்கி வந்தது. கல் ஒன்று புரண்டு விழும் சத்தம் கேட்டது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு இருக்கு சித்தி” என்றான். “ஓட மாட்டேங்குது.”

“கையில எடுக்காத. கால்ல என்னடா போட்டிருக்க? பூட்ஸு போட்டிருக்கியா?”

“மாலை போட்டிருக்கேன்ல சித்தி” என்றான்.

அவனிடம் வேட்டியைக் கழற்றி எறியச் சொன்னேன். கிணற்று மோட்டாரைப் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளிக்கச் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்து ஆளைக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லச் சொன்னேன். போனைக் கட் பண்ணக் கூடாது, திண்டு மேல் வைத்துவிட்டு எனக்குக் கேட்கும்படி சத்தமாகப் பேசிக்கொண்டே குளிக்க வேண்டும் என்றேன்.

“என்னத்தைப் பேச சித்தி?”

“எதையாவது பேசுடா. வெயில் அடிக்குதா, இருட்டிக்கிட்டு வருதா, அதைச் சொல்லு.”

மோட்டார் ஓடத் தொடங்கியது. தண்ணீர் விழும் சத்தத்தில் அவன் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். வெயில் அடிக்குது சித்தி. வெயில் நல்லாத்தான் அடிக்குது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.